கைப்பையில் ஒரு பிளக்

சுனாபட்டிக்குக் குடிவந்த மூன்று வருடத்தில் தாஹிர் அடுக்குமாடி சொசைட்டியின் நோட்டீஸ் போர்டை ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. பார்த்த அன்றைக்கு அதில் அவர் வண்டிதான் இருந்தது. ஓடாத வண்டிகளை ஞாயிறு பன்னிரண்டு மணிக்குப் பழைய இரும்பு எடுக்கும் பங்கார்வாலாவின் டெம்போ அள்ளிக்கொண்டு போகுமாம். பட்டியலில் முதலில் நின்றது அவருடைய முப்பத்தைந்து வருடத்து யெஸ்டி மோட்டார் சைக்கிள்.

"ஸ்டார்ட் ஆனாப் போதும் பாய், பேரை அடிச்சிருவேன்," என்றார் செக்ரட்டரி மகேஷ்குமார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் சட்டம் பேசும்போது மட்டும் ஓர் அங்குலம் உயர்ந்துவிடுவார்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டியதுதானே என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருக்கும் தாஹிருக்கு, அந்த வண்டியில் வேறொருவன் ஸ்பேனர் வைப்பது கௌரவக் குறைச்சல். வாங்கிய நாள் முதல் எல்லாம் அவர் கைவேலைதான். அதனால்தான் வழியெல்லாம் நின்றது என்பாள் அவர் மனைவி நுஸ்ரத். சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. கல்யாணமான புதிதில் ஞாயிறுதோறும் தாராவியிலிருந்து செம்பூருக்குப் போவார்கள். எஞ்சினில் பொறி கொடுக்கும் பிளக்கில் கரி பிடித்து, சயான் சர்க்கிளில் வண்டி தவறாமல் இருமி நிற்கும். அவர் அவளுக்கென்று முதன்முதலாகத் தைத்த கறுப்புக் கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, கைக்குட்டையில் சுற்றிய பிளக் ஒன்று இருக்கும். பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க, அவள் நீட்டுவாள், அவர் மாட்டுவார். என்ன நாட்கள் அவை! அரை மணிப் பயணத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். இருவருக்கும் ஓர் அவசரமும் இருந்ததில்லை.

எட்டு வருடமாக அவர்கள் சேர்ந்து அதில் ஏறவில்லை. நோட்டீஸைப் பற்றிச் சொன்னபோது நுஸ்ரத், "போனாப் போவுது மச்சான், இடமாவது மிச்சமாவும்," என்று சொல்லிவிட்டு மீன் அலசப் போய்விட்டாள். அவருக்குச் சுருக்கென்றது.

போன வாரமே வேலையைத் தொடங்கிவிட்டார். டேங்குக்கு அடியில், பெட்ரோலைத் திறந்து மூடும் காக் ஒழுகியது. தோலில் ஒரு வாஷர் வெட்டி மாட்டினார். புதுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினார். அன்றைக்குப் பத்து நிமிடம் ஓடியது. இன்று ஞாயிறு. காலையிலிருந்து உதைக்கிறார், உதைக்கிறார், அசையவில்லை. கார்பரேட்டரைக் கழற்றினால், பெட்ரோல் வரும் ஊசித்துளையைக் கோந்துபோல ஏதோ அடைத்திருந்தது. துடைத்து மாட்டினால் மறுபடியும் அதே கதை.

பதினொன்றரைக்கு நுஸ்ரத் சாயாவோடு கீழே வந்தாள். தோளில் ஏதோ பை. அந்தப் பிசினை விரலில் தொட்டு இழுத்துப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோனாள். பட்டறையில் இருபது வருடம் பைகளுக்கு உள்துணி ஒட்டிய விரல்கள் அவை.

"மச்சான், இது நம்ம சொல்யூஷன்லா?"

தாஹிருக்கு முகம் செத்துவிட்டது. தோல் வேலைக்காரனுக்குச் சொல்யூஷன் என்கிற அந்த ரப்பர் பசையைப் பூசாமல் எதையும் பொருத்தக் கை வராது. அந்த வாஷருக்கும் பூசித் தொலைத்திருந்தார். பட்டறையில் சொல்யூஷன் கெட்டியானால் பெட்ரோல் ஊற்றிக் கரைப்பதே அவர்தான்.

"ஒருத்தர்ட்டயும் சொல்லிராதளா."

"முதல்ல அதைச் சுரண்டுங்க. ஒட்டாம இறுக்குங்க."

சுரண்டி, கழுவி, ஒட்டாமல் இறுக்கி, வேறு பெட்ரோல் ஊற்றியபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். உதைத்தார். ஒன்றுமில்லை. பிளக்கை வெளியே எடுத்தால், அது பிசினும் பெட்ரோலும் குடித்து ஊறிக் கிடந்தது. காயவைத்துத் தேய்க்க அரைமணி நேரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எந்த ஸ்பேர் கடை திறந்திருக்கும்? டெம்போ கேட்டுக்குள் நுழைந்துவிட்டது. தாஹிர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போவட்டும். நீ சொன்னதுதான் சரி."

"நான் எங்க மனசாரச் சொன்னேன்?" என்றாள் நுஸ்ரத். "ஏறுளான்னு நீங்க கூப்பிட்டே எட்டு வருசமாச்சு. பின்ன என்னத்தச் சொல்ல?"

தோளிலிருந்த பையை இறக்கி ஜிப்பைத் திறந்தாள். அப்போதுதான் அவர் கவனித்தார். கறுப்புக் கைப்பை. வீடு மாறியபோது குப்பையோடு போய்விட்டதென்று நினைத்திருந்தார். உள்ளே கைக்குட்டை, கைக்குட்டைக்குள் பிளக்.

வாங்கி மாட்டினார். மூன்றாவது உதையில் இரண்டு சைலன்சரிலும் புகை பீறிட, வண்டி கட்டிடமே அதிர உறுமியது. மகேஷ்குமார் இருமிக்கொண்டே பட்டியலில் ஒரு கோடு போட்டார். தாஹிர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார்.

"ஏறுளா," என்றார் பிறகு.

நுஸ்ரத் உடனே ஏறவில்லை. தரையில் கிடந்த அழுக்குப் பிளக்கை எடுத்துத் துடைத்து, அதே கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டாள்.

"பொறவு தேச்சுக்கலாம். செம்பூர் போய்ச் சேருறதுக்குள்ள எங்கயாச்சும் நிக்கும்லா," என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.