காணாமல் போன ஐம்பத்தெட்டு லட்சம் வீடுகள்

இந்தியாவில் மொத்தம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கோடி வீடுகள் இருக்கின்றன என்று ருக்ஸாரின் கணினி காலை பத்தேகாலுக்கு அறிவித்தது.

தேநீர் டம்ளரோடு பின்னால் வந்து நின்ற மயில்சாமி திரையை எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க மேடம், உலகத்துல இருக்கற சனமே எண்ணூறு கோடிதானுங்க. ஆளுக்கு மூணு ஊடு குடுத்தாலும் மிச்சமாவுது போல. எனக்கு வர்ற மூணையும் குன்னூர்லயே ஒதுக்கிருங்க. ஊட்டியில குளிரு தாங்கறதில்ல.”

ருக்ஸார் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “நூறால வகுக்க மறந்துட்டேண்ணா. இந்த ஃபைல்ல புள்ளி வைக்காம எழுதியிருப்பாங்க.”

“அப்ப எனக்கு ஊடு கெடையாதுங்களா?”

“கிடையாது. டீயை வெச்சுட்டுப் போங்க.”

குன்னூர் பெட்ஃபோர்டில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தச் சின்ன ஆய்வு நிறுவனம். மூன்று மேஜை, ஒரு ஹீட்டர், மழை வந்தால் ஒழுகும் ஒரு மூலை. ருக்ஸார் ஊட்டி மார்க்கெட்டில் மிளகாய் மண்டி வைத்திருக்கும் அப்துல் கஃபாரின் மகள். கோவையில் புள்ளியியல் படித்தவள். வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. மயில்சாமி களப்பணி மேற்பார்வையாளர். இங்கே வருவதற்கு முன் அரசாங்கக் கணக்கெடுப்புக்காக டேப்லெட்டும் குடையுமாக நீலகிரி முழுக்க ஏறி இறங்கியவர். இன்று ருக்ஸாரின் கணினியில் இருப்பது அந்தக் கணக்கெடுப்புத்தான்.

நாடு முழுக்க ஒரு லட்சத்துப் பதிமூன்றாயிரம் வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விகள். யாருக்கு என்ன நோய், டாக்டருக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, பரிசோதனைக்கு எவ்வளவு, போக வர வண்டிக்கு எவ்வளவு. பெயர் இல்லை, ஊர் இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு வரி. அந்த வரியின் கடைசியில் ஓர் எண் இருக்கும். பெருக்கி என்பார்கள். நேரில் போய்க் கேட்டது ஒரு வீட்டில்தான்; ஆனால் கேட்காமல் விட்ட எத்தனை வீடுகளுக்காக அந்த வீடு பேசுகிறது என்று அது சொல்லும்.

ருக்ஸார் நூறால் வகுத்து மறுபடி கூட்டினாள். ‘ஆர்’ என்று ஒற்றை எழுத்தில் பெயர் வைத்த அந்தக் கணினி மொழிக்கு இதெல்லாம் கண் சிமிட்டும் வேலை.

இருபத்தொன்பது கோடியே நாற்பது லட்சம்.

டம்ளரை எடுக்கப் போன கை அப்படியே நின்றது. பாடப் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்த விஷயம்தான். ஆனாலும் கண்ணெதிரே நடக்கும்போது மயிர்க்கூச்செறிந்தது. யாரோ ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாசலில் நின்று சொன்ன பதிலைக் கூட்டினால் ஒரு தேசமே எழுந்து வந்து நிற்கிறது! ராஜஸ்தான் மணலில் ஒரு வீடு, பிரம்மபுத்திரா கரையில் ஒரு வீடு, இங்கே மஞ்சூர் மேட்டில் ஒரு வீடு. ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. எல்லாம் கைகோத்துக்கொண்டு கணக்கை நேர் செய்கின்றன.

ஆனால் கணக்கு நேராகவில்லை.

கணக்கெடுப்போடு வந்த கையேட்டைப் புரட்டினாள். கூட்டினால் இருபத்தொன்பது கோடியே தொண்ணூற்றெட்டு லட்சம் வர வேண்டும் என்று போட்டிருந்தது. ஐம்பத்தெட்டு லட்சம் வீடுகளைக் காணோம்.

“ரெண்டு பர்சென்ட் தானேம்மா. விடு” என்றார் வசந்த்குமார். நிறுவனத்தின் தலைவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ரகம். “நாலு மணிக்கு அறக்கட்டளைக்காரங்க வீடியோ மீட்டிங்ல உக்காந்திருப்பாங்க. டேபிள் ரெடியா?”

டேபிள் நேற்றே தயார். அதன் அடியில் வசந்த்குமார் எழுதிய குறிப்பும் தயார். ‘மலைப்பகுதிகளில் சிகிச்சைக்கான வண்டிச் செலவு மிகக் குறைவு. மக்களுக்கு மருத்துவமனை எட்டும் தூரத்திலேயே இருப்பதாகத் தெரிகிறது. ஆகவே சேரம்பாடி பக்கத்துத் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளுக்கு வாரா வாரம் போகும் அறக்கட்டளையின் நடமாடும் மருத்துவ வண்டியைச் சமவெளிக்கு மாற்றுவது பயனுள்ளதாக இருக்கும்.’

ருக்ஸார் அந்த வண்டியைப் பார்த்திருக்கிறாள். வெள்ளை வண்டி. வியாழக்கிழமை காலையில் அது வளைவில் ஹாரன் அடித்ததும், முதுகில் கூடையோடு நிற்கும் பெண்கள் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வரிசையில் வந்து நிற்பார்கள். இன்றைக்கு நாலு மணிக்கு அவளுடைய டேபிள் போனால் அடுத்த மாதம் அந்த ஹாரன் கேட்காது. கேட்காமல் போவது நியாயம் என்றால் போகட்டும். ஆனால் ஐம்பத்தெட்டு லட்சம் வீட்டைத் தொலைத்துவிட்டுப் போடும் கணக்கில் என்ன நியாயம்?

“சார், நாலு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல?”

“இருக்கு. அஞ்சு மணி வரைக்கும் இல்ல” என்றுவிட்டு அவர் அறைக்குள் போனார்.

மாவட்டவாரியாக எண்ணச் சொன்னாள். திரையில் வரிசை ஓடியது. நீலகிரி வந்ததும் நிறுத்தினாள்.

“மயில்சாமிண்ணா, நம்ம மாவட்டத்துல நீங்க மட்டும்தானே போனீங்க? மொத்தம் நாற்பத்தேழு வீடுதானா?”

“நாப்பத்தெட்டுங்க.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணா.”

“யோசிக்கறதுக்கு என்னங்க இருக்குது? நாப்பத்தெட்டு ஊடு. அதுல பதினோரு ஊட்டுல அட்டைக்கடி, ரெண்டு ஊட்டுல நாய்க்கடி. கடிச்ச நாயக்கூட அடையாளம் காட்டுவேன். எந்த ஊட்டக் காணோமுங்க?” என்று தன் வீடே காணாமல் போனதுபோல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூல ஃபைலைத் திறந்தாள். அதில் நாற்பத்தெட்டும் இருந்தன. அப்படியென்றால் வழியில்தான் எங்கோ விழுந்திருக்கிறது. கணக்குப் போடும் நிரலை முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டினாள். இந்த நிரல் அவளுக்கு வேலையோடு கைக்கு வந்தது. பழைய ஆய்வுகளுக்காக எழுதியதை அப்படியே பயன்படுத்திக்கொண்டிருந்தாள். பதினெட்டாவது வரியைத் தாண்டியதும் திரையின் அடியில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒரு செய்தி வந்தது.

2,307 வரிகள் நீக்கப்பட்டன.

இந்தச் செய்தியை அவள் முதன்முறையாகப் பார்க்கவில்லை. மூன்று வாரமாகத் தினமும் பார்க்கிறாள். பார்த்தும் படிக்கவில்லை.

பதினெட்டாவது வரிக்கு மேலே ஒரு குறிப்பு: ‘டாக்டர், மருந்து, பரிசோதனை மூன்றும் பூஜ்யம், வண்டிச் செலவு மட்டும் இருந்தால் பதிவுப் பிழை. நீக்கு.’

நீக்கியதில் நீலகிரியின் வரியை எடுத்துத் திரையில் வைத்தாள். டாக்டர் 0. மருந்து 0. பரிசோதனை 0. வண்டி 4,600. பெருக்கி 4,318.

“இது தப்பா டைப் பண்ணதாண்ணா?”

மயில்சாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். நாலாயிரத்து அறுநூறு என்ற எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கேலியெல்லாம் வடிந்துவிட்டது.

“தப்பா? இது திருத்திப் போட்ட நெசமுங்க. பேரும் ஊரும் கேக்காதீங்க. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்துத்தான் கேள்வியே கேட்டேன்.”

“பேர் வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்க.”

“ஒரு லைன் ஊடுங்க, லயம்னு சொல்வாங்க. அந்தம்மா கொழுந்து பறிக்கறாங்க. அவிக ஊட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. ஜீப்பப் புடிச்சுக் கீழ கொண்டு போனாங்க. அங்கிருந்து ஊட்டிக்கு ஏத்தச் சொல்லிட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரியில ஒத்தப் பைசா வாங்கல, மருந்து மாத்திர எல்லாம் இலவசம். ஜீப்புக்குத்தான் காசு. போக ஒருக்கா, கூட்டியார ஒருக்கா, மறுபடி காட்டப் போக ஒருக்கா. பொழைச்சுட்டாருங்க. நான் போனப்ப வாசல்ல உக்காந்து கத்திரிக்காய்க்கு மண்ணு அணைச்சுட்டிருந்தாரு.”

“சரி, திருத்தினது என்ன?”

“வண்டிக்கு எவ்வளவு ஆச்சுன்னு கேட்டேன். ஏழாயிரம்னாங்க. போட்டுக்கிட்டேன். கடைசியில, ‘எங்ககிட்ட எதுக்கு சார் கேக்குறீங்க, எங்களுக்கு என்ன கிடைக்கும்’னாங்க. ஒண்ணும் கெடைக்காதுங்கன்னு சொல்லிப்போட்டு, எனக்குத் தெரிஞ்ச மாதிரி வெளக்குனேன். பேக்டரியில மூட்டை வந்து எறங்குனா முழுசையுமா கொட்டி எண்ணறான்? ஒரு பிடி அள்ளி, கொழுந்து எத்தன, முத்தல் எத்தனன்னு பிரிச்சுப் பாத்து மூட்டைக்கே மார்க் போடறானில்ல, அந்த மாதிரிதான். உங்க ஊடு ஒரு பிடி. ஆயிரக்கணக்கான ஊட்டுக்கு உங்க பேச்சுத்தான் பேச்சுன்னேன்.”

மயில்சாமி ஒரு மடக்கு டீ குடித்தார். ஆறிப்போயிருந்தது.

“நான் எறங்கி ரோட்டுக்கு வந்து ஜீப்புல ஏறிட்டேன். நல்ல மழைங்க. பாத்தா, மேல இருந்து செடிக்கு நடுவுல ஒருத்தங்க ஓடி வாறாங்க. தலையில சாக்கு. ‘சார், சார்’னு கையக் காட்டறாங்க. என்னமோ ஏதோன்னு எறங்குனேன். மூச்சு வாங்குது. ‘நாலாயிரத்து அறுநூறுதான் சார். மிச்சம் நான் கூட்டிச் சொன்னது. கூடச் சொன்னா ஏதாவது உதவி வருமின்னு சொல்லிட்டேன், மாத்திப் போடுங்க’ன்னாங்க. ‘ஏம்மா, இதுக்கா மழையில ஓடி வந்தீங்க’ன்னேன். ‘ஆயிரம் லயத்து ஆளுங்க வாயில என் பொய்ய வைக்கலாமா சார்’னாங்க.”

கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அங்கயே டேப்லெட்டத் தொறந்து மாத்துனேன். தொடச்சுத் தொடச்சு மாத்துனேன், மழத்தண்ணி. சரியாப் போட்டனான்னு எட்டிப் பாத்துட்டுத்தான் மேல ஏறுனாங்க.”

ருக்ஸார் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு ஆண்டுப் படிப்பில் பிழை என்பதைப் பற்றி எத்தனையோ சூத்திரம் படித்திருக்கிறாள். தன் பதிலுக்குப் பின்னால் ஆயிரம் வீடு நிற்கிறது என்று கேட்ட மாத்திரத்தில் மழையில் ஓடி வந்து பிழையைத் திருத்திய ஒருத்தி எந்தச் சூத்திரத்திலும் வரவில்லை. அவள் திருத்திக் கொடுத்த எண்ணை இவள் ஒரு வரி நிரலால் துடைத்திருக்கிறாள், தினம் ஒரு தடவை, மூன்று வாரமாக.

நிரலின் பதினெட்டாவது வரியை எடுத்துவிட்டாள். நீக்கிய 2,307 வரிகளின் பெருக்கியைக் கூட்டினாள்.

ஐம்பத்தெட்டு லட்சம்.

அந்த வீடுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டாள். மாநிலமும் மாவட்டமுமாகப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அருணாசலப் பிரதேசம், உத்தராகண்ட், ஒடிசா மலைகள், இடுக்கி, வயநாடு, பஸ்தர் காடு. எல்லா இடத்திலும் ஒரே கதை. மருந்து இலவசம், வழி இலவசமில்லை. மொழி வேறு, மழை வேறு, வண்டி வேறு, வரி ஒன்றே. 0, 0, 0, பிறகு ஒரு பெரிய எண். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. மேகம் விலகினால் மலைக்குப் பின்னால் மலை தெரியுமே, அதைப் போல. ருக்ஸாருக்குக் கண் கலங்கியது. எந்த வீட்டுக்கும் பெயர் இல்லை. ஆனால் இத்தனை வீடும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டறியாமலே ஒரே வார்த்தையைச் சொல்கின்றன!

மணி இரண்டரை.

வசந்த்குமார் வந்து எல்லாவற்றையும் கேட்டார். ஆனால் உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

“பிழைன்னு எடுத்ததைத் திரும்பச் சேர்த்தா நாளைக்கு எவனாவது கேள்வி கேப்பான்மா. ஒரு அம்மா ஓடி வந்தாங்கங்கறது கதை. கதையை டேபிள்ல போட முடியாது.”

“கதையைப் போட வேண்டாம் சார். நாட்டுல இருக்கற எல்லா மலை மாவட்டத்தையும் சேர்த்துப் பார்த்தேன். நோய் வந்த வீடுகள்ல அஞ்சுல ஒண்ணு இப்படித்தான் இருக்கு. அஞ்சுல ஒருத்தர் ஒரே மாதிரி தப்பாச் சொல்லுவாங்களா? நாமதான் வண்டிக்குச் செலவு பண்ணவங்களை எல்லாம் வெளிய தள்ளிட்டு, வண்டிச் செலவே இல்லைன்னு எழுதியிருக்கோம். இந்தப் பதினெட்டாவது வரியை எந்தப் புண்ணியவான் எழுதினாரோ...”

“நான்தான்” என்றார் வசந்த்குமார்.

மயில்சாமி அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பி மேகமூட்டத்தை ஆராய்ந்தார்.

“கோயமுத்தூர்ல ஒரு டவுன் சர்வேக்கு எழுதினேன். மருந்து வாங்காம எவன் ஆட்டோவுக்குக் காசு குடுப்பான்னு நினைச்சேன். அங்கே அது சரியாவும் இருந்துது.” கண்ணாடியைத் தேடினார். நெற்றியில் இருந்தது. இறக்கிப் போட்டுக்கொண்டு திரையை மேலிருந்து கீழ்வரை படித்தார். அருணாசலத்திலிருந்து வயநாடு வரை படித்தார். கடைசியில் நீலகிரி வரியில் விரலை வைத்தார். “இதுதான் அந்தம்மாவா?”

“தெரியாதுங்க” என்றார் மயில்சாமி ஜன்னலைப் பார்த்தபடியே.

வசந்த்குமார் நாற்காலியில் உட்கார்ந்தார். “டேபிளை மாத்தும்மா. வண்டிச் செலவுக்குத் தனிக் கட்டம் போடு. பதினெட்டாவது வரியை ஏன் எடுத்தோம்னு அடிக்குறிப்பு எழுது. யார் எழுதினாங்கன்னும் எழுது. நான் போய் என் குறிப்பை அழிக்கிறேன்.”

நாலு மணிக்கு அவர் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்தார். உள்ளே அவர் குரல் ஏறியது, இறங்கியது. ஒரு கட்டத்தில், “நான் செஞ்ச தப்புத்தாங்க” என்பது தெளிவாகக் கேட்டது. ருக்ஸார் நகத்தைக் கடித்தாள். மயில்சாமி இரண்டு தடவை டீ வாங்கி வந்தார். இரண்டையும் அவரே குடித்தார்.

ஐந்துக்குக் கதவு திறந்தது.

“வண்டி சேரம்பாடிப் பக்கமே ஓடும். மாத்தறதைப் பத்திப் பேச்சே இல்லை. வாரத்துக்கு ரெண்டு நாள் விடுங்கன்னு கேட்டிருக்கேன். யோசிக்கறேங்கறாங்க.” கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கப் போனவர் திரும்பினார். “அந்தச் சாம்பல் எழுத்து இனி சிவப்புல வரணும்மா. பெருசா.”

அவர் போன பிறகு ருக்ஸார் மெல்லக் கேட்டாள். “அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்ணா. அவங்க சொன்னதாலதான் வண்டி நிக்கலைன்னு.”

“எந்தம்மாங்க?” மயில்சாமி குடையை எடுத்துக்கொண்டார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “நான் யாரையும் சொல்லலீங்களே.”

“அண்ணா...”

“வியாழக்கிழம வண்டி வரும். ஹாரன் அடிக்கும். அது போதுமுங்க அவிகளுக்கு.” படியில் இரண்டு எட்டு வைத்தவர் தலையை மட்டும் நீட்டினார். “ஏனுங்க மேடம், இப்ப எண்ணிப் பாத்தீங்களா? நம்முது நாப்பத்தெட்டும் இருக்குதுங்களா?”

ருக்ஸார் திரையைப் பார்த்தாள். கீழே மொத்தம் இருபத்தொன்பது கோடியே தொண்ணூற்றெட்டு லட்சம் என்று நின்றது.

“இருக்குண்ணா. எல்லாரும் இருக்காங்க.”