துப்பட்டாவில் சேர்ந்த பூ

அக்கா மாலை ரயிலில் வெளியூர் வேலைக்குப் போகிறாள். தன்னைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டாளே என்று சில நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்த தங்கைக்கு, இப்போது இறங்கி வர வழி தெரியவில்லை. கைக்குட்டை ஒன்றில் பூ தைத்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது கையில் கொடுத்துவிட்டால் வாயைத் திறக்க வேண்டியிருக்காது.

அக்கா பக்கத்திலேயே சோபாவில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். வட்டச் சட்டத்துக்குள் இறுக்கிய துணியில் ஜன்னல் வெயில் மிதந்தது. ஊசி உள்ளே போய் வெளியே வர, சங்கிலித் தையல் கண்ணி கண்ணியாக நீண்டது. இதழ்கள் தண்ணீருக்குள் விரிவதுபோல விரிந்தன. தங்கை தன்னை மறந்தாள்.

அக்கா எழுந்தாள். கைக்குட்டை, சட்டம், ஊசி எல்லாம் கூடவே எழுந்தன. தன் மடியில் சரிந்து கிடந்த அக்காவின் துப்பட்டாவையும் தங்கை சேர்த்தே தைத்திருந்தாள்.

"போகக் கூடாதுன்னா வாயால சொல்லேன்டி. இப்படியா கட்டிப் போடுவே?"

"தெரியாம தச்சிட்டேன்க்கா. நூலை வெட்டிடறேன்."

"பேச்சு வந்துடுச்சே. நூலை வெட்டினா பூ பிரிஞ்சிடும். துணியத்தான் வெட்டணும், கத்திரியக் குடு."

அக்கா சட்டத்தைக் கழற்றி, பூவை ஒட்டிக் கைக்குட்டையை மட்டும் சுற்றி வெட்டினாள். பூ துப்பட்டாவிலேயே தங்கியது.

"ஓட்டைக் கைக்குட்டை உனக்கு. நான் லீவுல வரதுக்குள்ள அடைச்சு வை."

மாலையில் அக்கா கிளம்பியதும், தங்கை ஜன்னலில் நின்று கைக்குட்டையைக் கண்ணருகே பிடித்தாள். பூ வடிவ ஓட்டைக்குள், தோளில் பூவோடு அக்கா தெருவில் நடந்து போனாள்.