இடது கையால் எழுதிய கடிதம்

வலது கை முடிந்து இடது கைக்கு வந்ததும் நகவெட்டி ஒரு கணம் நின்றது.

"என்ன, அந்தக் கைய அப்படியே விட்டுடப் போறியா?" என்றாள் அண்ணி. கண் திறக்கவில்லை. பேச்சு மூச்சோடு மூச்சாகத்தான் வந்தது, ஆனாலும் கிண்டல் குறையவில்லை.

"ஆடாம இருங்க. சதையோட வந்துடும்."

"ஆடறதுக்கு எனக்கு ஏது தெம்பு?"

குட்டி கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு வெட்டினாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துத் தேய்த்தே தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது, வயது ஐம்பத்திரண்டு. வீட்டில் இன்னும் அவள் குட்டிதான். அண்ணன் வைத்த பேர். கல்யாணமாகி வந்த அன்றே அண்ணியும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணிக்கு ஈரலில் கட்டி என்று சொல்லி நாலு மாதம் ஆகிறது. முந்தாநாள் வந்த நர்ஸ், "இனிமே வலியில்லாம பாத்துக்கங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்று ஞாயிறு. ஆராதனை முடித்துவிட்டுப் போதகர் திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் வீட்டுக்கே கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் காலையிலேயே உடம்பு துடைத்து, தலை சீவி, நகம் வெட்டல்.

அந்த இடது கை செய்த வேலை ஒன்று உண்டு.

குட்டிக்கு இருபத்தைந்து வயதில் ஒரு வரன் கூடி வந்தது. மாப்பிள்ளைக்கு அச்சகத்தில் வேலை. தேதி குறித்து, பத்திரிகையும் அவனே அச்சடித்துவிட்டான். அந்தச் சமயம் பார்த்து அவன் வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. பெண்ணுக்கு வலிப்பு வருகிறது, மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று கோணல்மாணலாக நாலு வரி. கல்யாணம் நின்றது. வலிப்பு என்கிற பேச்சு போன வேகத்தில், அது பொய் என்கிற பேச்சு போகவில்லை. அடுத்து வந்த இரண்டு வரன்களும் வாசலோடு திரும்பிவிட்டன. எழுதியது யார் என்று தெரியாமல் குட்டி தெருவில் பாதிப் பேரைச் சந்தேகப்பட்டாள். பக்கவாதத்தில் படுத்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே பதினோரு வருஷம் ஓடிப்போனது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில், அண்ணி தட்டைத் தொடாமல் சொன்னாள்.

"அந்தக் கடிதம் நான் எழுதுனது. கையெழுத்து தெரியக் கூடாதுன்னு இடது கையால எழுதுனேன்."

அண்ணன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"எதுக்கு?" என்றாள் குட்டி.

"அப்பத்தான் அத்தை படுக்கையில விழுந்தாங்க. நீயும் போயிட்டா எல்லாம் என் தலையில விழும்னு பயந்தேன். அவ்வளவுதான். பெரிய காரணம்னு சொல்லிக்க ஒண்ணும் இல்ல."

பெரிய காரணம் இருந்திருந்தால்கூடத் தேவலை என்று குட்டிக்குத் தோன்றியது. எழுந்து மாடி அறைக்குப் போனவள் இரண்டு வருஷம் அண்ணியோடு பேசவில்லை.

அண்ணி ஒரே ஒரு தடவைதான் மன்னிப்புக் கேட்டாள், மாடிப்படியில் நின்று. கதவு திறக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மாமியாரின் அறைக்குள் போய்ப் படுக்கைத் துணியை உருவினாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண் துடைப்பது என்று எல்லாவற்றையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். "நீ எங்கயாவது வேலைக்குப் போ" என்று மூடிய கதவைப் பார்த்துச் சொன்னாள். அப்படித்தான் குட்டி முப்பத்தாறு வயதில் கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். மூன்று வருஷம் கழித்து அம்மா கண்ணை மூடினபோது, முதுகில் ஒரு புண்கூட இல்லை.

மனம் திரும்பியதைச் சாட்சியாகச் சொல்லும்படி சபையில் அண்ணியைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. "என்னால வாழ்க்கை போனவ வீட்ல வாய மூடிக்கிட்டு இருக்கா. நான் மைக்கைப் புடிச்சு என்னத்தப் பேச?" என்றுவிட்டாள்.

பேச்சு மெல்லத் திரும்பியது. முதலில் மருந்து, பால்காரர் என்று காரியத்துக்கு, பிறகு சண்டைக்கு, பிறகு சிரிப்புக்கு. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. மனசில் ஒருத்தர் மேல் குறை வைத்துக்கொண்டு திருவிருந்துக்குக் கை நீட்டக் கூடாது என்று குட்டிக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பதினாறு வருஷம். கோபம் எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் தேடிப் பார்த்தால் இல்லை. அப்போதும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அதைவிட, பக்கத்தில் நடக்கும் அண்ணி பார்ப்பாள்.

இப்போது வெட்டிய நகங்களைக் காகிதத்தில் மடித்தபடி, தலை நிமிராமல் குட்டி சொன்னாள்.

"அண்ணி, கோபம்லாம் போய் ரொம்ப நாளாச்சு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அத்தை செத்த வருஷம், கொடியில கெடந்த என் புடவைய நீ எடுத்து மடிச்சு வெச்ச. அதுக்கு முன்னாடியெல்லாம் உன்னுத மட்டும் உருவிக்கிட்டுப் போவ."

குட்டிக்கு அது ஞாபகமே இல்லை.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

அண்ணி மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "கேட்டா நீ சொல்லித்தான் ஆகணும். கழுத்தப் புடிச்சு வாங்கற பொருளா அது?"

"நான் வேணும்னேதான் உக்காந்திருந்தேன். நீங்க பாக்கணும்னு. வாராவாரம்."

"பாத்தேன்" என்றாள் அண்ணி. "உனக்குத்தான் முட்டி வலிச்சிருக்கும், அவ்வளவு நேரம் உக்காந்து."

குட்டிக்குச் சிரிப்பு வந்தது. மூக்கைத் துடைத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

பதினொன்றரைக்குப் போதகர் வந்தார். இளைஞர். சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. சின்னப் பெட்டியைத் திறந்து, மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு துண்டு அப்பமும், சிறு கிண்ணம் இரண்டில் திராட்சை ரசமும் எடுத்து வைத்தார். இந்த வீட்டில் இரண்டு பேர்தான் எடுப்பார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஜெபம் பண்ணினார். அண்ணன் வாங்கிக்கொண்டான். அண்ணியின் உதட்டில் துண்டை வைத்தபோது அவளால் ஒரு பொடிதான் விழுங்க முடிந்தது. மீதி அவர் விரலிலேயே இருந்தது.

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த குட்டி முன்னால் வந்து கையை நீட்டினாள்.

போதகர் பெட்டிக்குள் பார்த்தார். வேறு துண்டு இல்லை.

"அதே போதும்" என்றாள் குட்டி.

அவர் மீதியை அவள் உள்ளங்கையில் வைத்தார். வாயில் போட்டதும் கரைந்துவிட்டது. கிண்ணத்தில் அண்ணி உதட்டை நனைத்ததுபோகப் பாக்கி இருந்த திராட்சை ரசத்தையும் அவளே குடித்தாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அசதியோடு, கண்ணை மூடினாள்.

மூன்று மணிக்கு முகத்தில் வெயில் விழுகிறதே என்று திரையை இழுத்துவிட அண்ணன் எழுந்தான். அவன் திரும்பி நாற்காலிக்கு வருவதற்குள் அண்ணியின் மூச்சு நின்றிருந்தது. குட்டி கேட்டது மூச்சை அல்ல, அது இல்லாததை.

மறுநாள் காலை ஆலயத்தில் சவப்பெட்டியைச் சுற்றி நாற்காலி போட்டிருந்தார்கள். குட்டி முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வாசலில் வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருத்தி பெட்டியருகே வெகு நேரம் நின்று அழுதாள். பிறகு குட்டியிடம் வந்தாள்.

"உங்களுக்கு என்னத் தெரியாது. நான் அச்சகத்துக்காரர் வீட்டம்மா."

எந்த அச்சகம் என்று கேட்க வாயெடுத்த பிறகுதான் குட்டிக்குப் புரிந்தது.

"உங்க அண்ணி மொத தடவ வந்து, அந்தக் கடிதம் பொய்னு சொன்னப்ப, எங்க மாமியார் இவங்கள வெளியில தள்ளிக் கதவச் சாத்திட்டாங்க. அப்புறம் மாமியார் படுத்த படுக்கையானதும், எப்படித்தான் தெரிஞ்சுதோ, வந்து நின்னாங்க. நாலு வருஷம். வியாழக்கிழமை ஆனா குளிப்பாட்டிவிட வந்துடுவாங்க."

வியாழக்கிழமைகளில் அண்ணி சபையின் பெண்கள் கூட்டத்துக்குப் போகிறாள் என்றுதான் குட்டி நினைத்திருந்தாள்.

"ஏன்க்கா இப்படிக் கஷ்டப்படறீங்கன்னு ஒரு நாள் கேட்டேன். 'படுக்கையில இருக்கறவங்களப் பாத்துக்கப் பயந்துதாம்மா அவ்வளவு தப்பும் பண்ணேன்'னாங்க." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவரும் வந்திருக்காரு. உள்ள வரச் சங்கடப்பட்டுக்கிட்டு வெளியில நிக்கறாரு."

குட்டி திரும்பிப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே, முன்தலை வழுக்கையான ஒருவர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றிருந்தார்.

"வெயில்ல எதுக்கு நிக்கணும்? வரச் சொல்லுங்க" என்றாள்.

அவர் வந்து ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். போதகர் பாட்டு எண் சொன்னார். எல்லாரும் எழுந்தார்கள். வந்தவளிடம் பாட்டுப் புத்தகம் இல்லை. குட்டி நகர்ந்து நின்று, தன்னுடையதை இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.  வந்தவள் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.