பலூன் பெட்டி

தம்பியின் மூக்கில் வைத்த பஞ்சு மறுபடியும் நனைந்துவிட்டது. சந்தியா அதை மாற்றிக்கொண்டிருந்தபோது கல்லூரிக் கார் வந்து நின்றது.

துறைத்தலைவர் மலர்வளையத்தோடு இறங்கினார். அதில் தம்பி இளஞ்செழியன் பெயரைவிடக் கல்லூரியின் பெயர் பெரிதாக இருந்தது. காலடியில் வைத்துக் கும்பிட்டார். போட்டோ எடுப்பவன் சைகை காட்டியதும் குனிந்து, எழுத்து தெரிகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டு மறுபடி கும்பிட்டார்.

அப்பா பச்சமுத்து ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து துண்டால் துடைத்தார். "உக்காருங்க சார்."

 

வானத்திலிருந்து படம்பிடிக்க மாணவர்கள் விட்ட பலூன் உயரத்தில் வெடித்து, கேமரா வைத்த பெட்டி பாராசூட்டோடு வடக்கனந்தல் பக்கம் ஒரு பாழுங்கிணற்றில் விழுந்திருந்தது. தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடலாமா என்று தம்பி போனில் கேட்டிருக்கிறான். "நியூஸாயிடும். பெட்டி இல்லாம வராதீங்க" என்றாராம் இந்தத் துறைத்தலைவர். கூடப் போயிருந்த ரவூப் நேற்று அவளிடம் அழுதுகொண்டே சொன்னான்.

துறைத்தலைவர் டீயில் படிந்த ஆடையை விரலால் எடுத்து நாற்காலியின் அடியில் தடவினார். டிவிக்காரர் மைக்கை நீட்டியதும் குரல் தழுதழுத்தது.

"ரொம்ப ஆர்வமான பையன். யார்கிட்டயும் சொல்லாம அவனா எறங்கிட்டான்."

மைக் போனதும் தொண்டை சரியாகிவிட்டது. சந்தியா பக்கம் சாய்ந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அந்தப் பெட்டி வீட்லயா இருக்கு? அந்த வீடியோவத்தான் போட்டிக்கு அனுப்பணும். தம்பி பேரையும் போட்ருவோம்."

"என் தம்பிய மட்டுந்தான் மேல எடுத்தாங்க. பெட்டி கெணத்துலதான் கெடக்குது. எறங்கி எடுத்துக்குங்க."

வாசலோரம் நின்றிருந்த ரவூப் தலையைக் குனிந்துகொண்டான்.

"சாருகிட்ட இன்னாடி பேச்சு இது?" என்று அப்பா பதறினார். "மனசுல வச்சிக்காதீங்க சார். வேதனையில பேசுது."

துறைத்தலைவர் விறுவிறுவென்று போய்க் காரில் ஏறினார். மழையில் சேறாகிக் கிடந்த தெருமுனையில் பின்சக்கரம் புதைந்துகொண்டது. மேளம் நின்றது. அடித்துக்கொண்டிருந்தவர்கள், பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஓடினார்கள். கொள்ளி வைக்கக் கட்டியிருந்த புது வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்பாவும் ஓடினார்.

"தள்ளு... நல்லா தள்ளுப்பா..."

சக்கரம் சுழன்றது. அப்பாவின் முகத்திலும் மார்பிலும் சேறு வாரி அடித்தது. கார் சேற்றிலிருந்து ஏறிப் போய்விட்டது. அவர் துடைத்துக்கொள்ளாமல் அங்கேயே நின்று இரண்டு கைகளையும் கூப்பினார். கார் வளைவில் மறைந்த பிறகும் இறக்கவில்லை.