யார் வீட்டு எலி

குன்னூர் மேட்டு லைனில் கடைசி எலி பிடிபட்ட வாரத்தில் தனபாக்கியத்தின் வீட்டுக்குள் சத்தம் நின்றுபோனது. குக்கர் ஆவி விட்டது, விசில் கேட்கவில்லை. கதவை அறைந்து சாத்தினால் காற்று மட்டும் முகத்தில் பட்டது. தகரக் கூரைமேல் மழை பெய்கிறதா இல்லையா என்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வாசலைத் தாண்டிவிட்டால் பஸ் ஹாரன், பள்ளிக்கூட மணி, டீக்கடைப் பாட்டு எல்லாம் வழக்கம்போலக் காதில் விழுந்தன. காது டாக்டர் பார்த்துவிட்டுக் காதில் குறையில்லை என்றார். எலக்ட்ரீஷியன் வந்து ஒயரிங்கிலும் குறையில்லை என்று சொல்லி, சத்தமில்லாமல் ஒரு காபியை உறிஞ்சிவிட்டுப் போனார்.

எலிகளை ஒழித்ததில் ஊருக்குப் பெருமைதான். நகராட்சி முதலில் விஷம் வைத்துப் பார்த்தது. செத்தவற்றின் இடத்தை, மிச்சமிருந்தவை குட்டி போட்டு நிரப்பின. எலி எத்தனை இருக்கும் என்பதை விஷம் தீர்மானிப்பதில்லை, சோறுதான் தீர்மானிக்கிறது என்று புரிவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அதன்பிறகு சோற்றை நிறுத்தினார்கள். மார்க்கெட்டில் கேரட் தழையும் முட்டைக்கோஸ் இலையும் கடை அடைப்பதற்கு முன்பே அள்ளப்பட்டன. ஓட்டல் மிச்சம் மூடி போட்ட டிரம்மில் போனது. சாக்கடை வாய்களில் கம்பி வலை வந்தது; சுவர் ஓட்டைகளைக் கண்ணாடித் தூள் கலந்த சிமெண்ட் அடைத்தது. எலிப்பிரிவு மேஸ்திரி மோசஸ் வீடு வீடாக மச்சில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தார். எலிகள் குட்டி போடுவதைக் குறைத்துக்கொண்டன. பிறகு மெலிந்தன. மிஞ்சியவை தாமாகவே பொறிக்குள் போய் உட்கார்ந்து, ஆள் வந்து தூக்கிப்போகும்வரை பொறுமையாகக் காத்திருந்தன.

நாலு பேர் இருக்கும் வீடுகளில் யாரும் எதையும் கவனிக்கவில்லை. ஒற்றை ஆள் குடியிருக்கும் வீடுகளில்தான் சத்தம் போயிற்று. அருவங்காடு பாக்டரியில் வேலை பார்த்த கணவர் ராமகிருஷ்ணன் இறந்ததிலிருந்து தனபாக்கியம் ஒற்றை ஆள். திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருக்கும் மகள் அனுராதா ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்வாள். வீட்டுக்குள் போன் அடித்தால் தெரியாது என்பதால், ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் தனபாக்கியம் குடையும் போனுமாகச் சாலையோரம் போய் நின்றுகொள்வாள். சில ஞாயிறுகளில் மகளுக்கு மறந்துவிடும். அன்றைக்கு இருட்டும்வரை நிற்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அனுராதா வழக்கத்துக்கு மாறாக வீடியோவில் கூப்பிட்டாள். மேசைமேல் போன் ஒளிர்வதைப் பார்த்துத் தனபாக்கியம் ஓடிவந்து எடுத்தாள். அம்மாவின் வாய் திறந்து திறந்து மூடுவதையும், அதிலிருந்து ஒன்றுமே வராததையும் மகள் பார்த்தாள். சனிக்கிழமை வருவதாகவும், திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன்னோடு வைத்துக்கொள்ளப் போவதாகவும் பதறிப்போய்ச் செய்தி அனுப்பினாள். திருப்பூர் என்றால் ஆறாம் மாடி. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனபிறகு, பூட்டிய கதவுக்குப் பின்னால் பகல் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குத் தனபாக்கியம் தயாராக இல்லை. எலியோடு போன சத்தம் எலியோடுதான் திரும்பும் என்று கணக்குப் போட்டு, நேராக மோசஸிடம் போனாள்.

"ஏனுங்க மேஸ்திரி, ஒரே ஒரு எலி குடுங்க. பெருசு வேண்டாம், சுண்டெலி போதும்."

"என்ன பேச்சும்மா இது? எலி இல்லாத வார்டுன்னு போன மாசம்தான் எனக்கு மாலை போட்டாங்க. அது காயறதுக்குள்ள எலி கேக்கறீங்களே!"

வேண்டுமானால் பூனை வளர்க்கலாம் என்றார். மார்க்கெட்டிலிருந்து ஒரு பூனை வந்தது. பூனை இயல்பிலேயே சத்தமில்லாதது. பிடிக்க எலியும் இல்லாததால் மறுநாளே சலித்துப்போய் இறங்கிப் போய்விட்டது.

பக்கத்து வீட்டில் சின்னம்மை இருந்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் வந்து, இங்கே கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். அவளும் ஒற்றை ஆள். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று, மச்சும் ஒன்று. மச்சில் ஓடும் எலி யாருடையது என்பதுதான் பல வருஷங்களாக இருவருக்கும் இருந்த ஒரே பேச்சு. ராமகிருஷ்ணனின் ஸ்வெட்டர் கையை எலி கடித்த அன்று தொடங்கிய சண்டை அது. எலி ஒழிந்ததும் பேச எதுவும் இல்லாமல் போயிற்று. சின்னம்மை தினமும் தன் வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்து பட்டாணி உரித்தாள். உள்ளே உரித்தால் தட்டில் பட்டாணி விழுவது கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலை தனபாக்கியம் பிரெட் பாக்கெட்டின் ஓரம் கிழிந்திருப்பதைப் பார்த்தாள். முந்தின நாள் கிழித்தது அவளேதான். ஆனால் பழக்கம் அவளை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"ஏனுங்க சின்னம்மைக்கா, உங்கூட்டு எலி எங்கூட்டுப் பிரெட்டக் கடிச்சு வெச்சிருக்குதுங்க!"

சொன்னபிறகுதான் ஊரில் எலி இல்லை என்பது ஞாபகம் வந்தது. சின்னம்மை பட்டாணி உரிப்பதை நிறுத்தினாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க எலியா? ஒங்க காஞ்ச பிரெட்டுதான் அதுக்குக் கேடா? தோட்டத்து லயத்து வீட்டுல மாசிக் கருவாட்டுச் சம்பல் தின்னு வளந்த பரம்பரை அது. ஒங்க வாசல்ல மூச்சுகூட விடாது!"

"அப்ப எங்கூட்டு எலிதான் ஈனப் பொறப்புங்களா?"

"நீங்களே சொல்லிக்கிட்டா நா என்ன பண்ண?"

அரைமணி நேரம் சண்டை நடந்தது. கோபத்தோடு உள்ளே போன தனபாக்கியத்தின் தலைக்குமேல் மழை தகரத்தில் இரைந்து கொட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் தட்டில் பட்டாணி விழுவதும் கேட்டது. மறுநாள் விடிந்தபோது சத்தம் மறுபடி மங்கியிருந்தது. சண்டை அன்றன்றைக்குப் போடவேண்டியது என்று இருவருக்கும் விளங்கியது. மறுபடி தொடங்கிய எலிப் புகார் காதில் விழுந்து மோசஸ் டார்ச்சோடு ஓடிவந்தார். மச்சில் ஏறினார், இறங்கினார். கீழே இரண்டு பெண்களும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆமாங்கம்மா, ஒண்ணு இருக்குது. நம்ம பொறிக்கெல்லாம் சிக்கற ரகம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் அனுராதா வந்தாள். அவள் கூட இருக்கும்போது வீட்டில் சத்தம் இருந்ததில் ஆச்சரியமில்லை, அப்போது வீட்டு ஆள் இரண்டு. அவள் எதையும் கேட்டுக்கொள்ளாமல் அம்மாவின் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். டாக்ஸி பிடிக்கக் கீழே ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் மோசஸ் எதிரே வந்தார். இரண்டு வார்த்தை பேசினார்கள். ஸ்டாண்டிலிருந்து அவள் போன் செய்தாள். இரண்டாவது மணியிலேயே அம்மா எடுத்தாள். குரல் கணீரென்று வந்தது. பின்னால் சின்னம்மை யாரையோ எலி வளர்க்கத் தெரியாதவள் என்று ஏசிக்கொண்டிருந்தாள்.

"நான் வரல கண்ணு. இந்தக்கா எலிய எங்கூட்டுப் பக்கம் தொரத்தி உடறா. நான் போயிட்டா யாரு கேக்கறது?"

"அம்மா, இந்த ஊருல எலியே இல்லைம்மா. மேஸ்திரி இப்பத்தான் சொன்னாரு."

"தெரியும் கண்ணு. மெதுவாப் பேசு, அந்தக்காவுக்குக் கேட்டுறப் போகுது."

அனுராதா குரலைத் தாழ்த்திக்கொண்டு சரி என்றாள். பிறகு டிரைவரிடம் திரும்பி, ஒரு ஆள்தான், பெட்டி எதுவும் இல்லை என்று சொன்னாள்.