திருமலைசாமி சொன்ன ‘மறுக்கா’

பக்கவாதம் வந்து மாதக்கணக்காகியும் திருமலைசாமியின் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பல்லடத்துக் கோழிப்பண்ணையில் நின்று அவர் கூப்பிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கூட என்னமோ ஏதோ என்று ஓடிவருவார், அப்பேர்ப்பட்ட தொண்டை. அந்த மனுசன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பெண்டாட்டி நாச்சியம்மாளுக்கு வயிறு எரியாதா? கை கால் அப்புறம் வரட்டும், முதலில் பேச்சு வரட்டும் என்று சென்னிமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு, கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பேச்சுப் பயிற்சிக்காக அவரைக் கூட்டிவந்துகொண்டிருந்தாள்.

பயிற்சி கொடுக்கிற இஃப்ரா மெட்ராஸ் பெண், வேலைக்குப் புதுசு. தங்கமான பிள்ளைதான். ஆனால் புருசன் வாயைத் திறப்பதற்குள் நாச்சியம்மாளே முந்திக்கொண்டு பதில் சொன்னதால், முதல் நாளே அவளை வெளியே உட்கார வைத்துவிட்டாள்.

அன்று இஃப்ரா வாடிய முகத்தோடு வெளியே வந்தாள்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. பயிற்சியக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம். அவருக்கு விருப்பமில்ல.”

நாச்சியம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். “என்னுங்க அம்மணி இப்பிடிச் சொல்றீங்க? அவரு ஒண்ணுமே பேசறதில்லீங்களே!”

“பேசறாரும்மா. நான் ஒரு வார்த்தை சொன்னா, கைய ஆட்டி ‘மறுக்க, மறுக்க’ன்றாரு. இந்த வாரம் முழுக்க இதேதான். மறுக்கிறவர எப்படிக் கட்டாயப்படுத்துறது?”

“இருங்க, இருங்க. கடைசீல இழுத்துச் சொன்னாருங்களா? மறுக்கா...ன்னு?”

“ஆமா, கொஞ்சம் இழுத்தாரு.”

“அடக் கெரகமே!” நாச்சியம்மாள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. “மறுக்கான்னா எங்கூட்டுப் பக்கம் இன்னொருவாட்டின்னு அர்த்தமுங்க! மறுக்கா சொல்லுங்கன்னு உங்களைக் கேட்டிருக்காரு!”

இஃப்ரா தலையில் கைவைத்துக்கொண்டாள். “ஐயோ! அவர் கேட்கக் கேட்க நான் நிறுத்திட்டேனேம்மா. மன்னிச்சிடுங்க.”

“மன்னிக்கறதா? இவரு பேசறாருங்கறதே நீங்க சொல்லித்தானுங்க எனக்குத் தெரியுது. நீங்க நல்லா இருக்கோணும் கண்ணு.”

வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை அவள். வீட்டில் ஏன் அவர் அந்தச் சொல்லைச் சொல்லவேயில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சோறோ, துண்டோ, மாத்திரையோ, அவர் நினைப்பதற்குள் இவள் கொண்டுபோய் நீட்டிவிடுவாள். பிறகு எதற்கு வாயைத் திறப்பார்? இந்தப் பிள்ளை ஒருத்திதான் அவரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தது. பெற்ற மகளைப்போல அதைக் கட்டிக்கொள்ளலாமென்று இருந்தது.

இருவரும் உள்ளே போனார்கள். இஃப்ரா அவர் எதிரில் உட்கார்ந்து, “தண்ணி” என்றாள்.

“மறு...க்கா.”

“தண்ணி.”

“மறுக்கா.”

இஃப்ரா அலுக்காமல் சொன்னாள். அவருடைய உதடு கோணியது, நெற்றி வேர்த்தது. “த... த...” என்று திணறினார். நாச்சியம்மாளின் கை தானாகப் பைக்குள் இருந்த பாட்டிலுக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டாள்.

“தண்ணி.”

அவரேதான் சொன்னார். இஃப்ரா கைதட்டினாள். நாச்சியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சாமி, முருகா!” என்று கும்பிட்டாள்.

திருமலைசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு பேரையும் முறைத்துவிட்டு, பெண்டாட்டியின் பையைக் காட்டி, பண்ணையில் அதட்டுகிற அதே குரலில் சொன்னார்: “தண்ணி!”

மனுசனுக்கு நிஜமாகவே தாகம். நாச்சியம்மாள் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.