கடல் பக்கத்துக் கதவு

ஃப்ளோரிஸ் கடலில் மூழ்கிச் செத்த வருடத்திலிருந்து, ஒவ்வொரு வாடைக்கும் வீட்டுக்கு வந்து, காற்று திரும்பும்வரை இருந்துவிட்டுப் போனான். கேப் டவுன் வானொலியில் இதைக் குளிர் முகப்பு என்பார்கள். காற்று என்ன வேகம், அலை என்ன உயரம், யார் யார் கரையை விட்டு ஏறவேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். சௌட்பாய் என்கிற இந்த மீனவக் கிராமத்தில் அது வெறும் வாடை. மே மாதம் குளிர் தொடங்கினால் ஆகஸ்ட் முடிய வடமேற்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். வருவதற்கு முந்தின நாள் மட்டும் வெயில் சுள்ளென்று அடிக்கும், கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும், ஸ்னூக் மீன் பைத்தியம் பிடித்துத் தூண்டிலைக் கடிக்கும். போகாதே போகாதே என்று வானொலி கத்துகிற அந்த ஒரு நாளில்தான் சௌட்பாய் ஆண்கள் அத்தனை பேரும் கடலில் இருப்பார்கள். ஃப்ளோரிஸும் அப்படிப் போனவன்தான். படகு பாறைத்திட்டில் மோதிக் கவிழ்ந்தது. கூடப் போனவர்களின் உடல்கள் கரை ஒதுங்கின, அவனுடையது கிடைக்கவில்லை.

சௌட்பாயில் எல்லா வீட்டுக்கும் கடலைப் பார்த்து ஒரு கதவு, மலையைப் பார்த்து ஒரு கதவு. மே பிறந்ததும் கடல் பக்கத்துக் கதவுக்குக் குறுக்கே உள்பக்கமாகப் பலகை வைத்து ஆணியடித்துவிடுவார்கள், செப்டம்பரில்தான் பிடுங்குவார்கள். வாடையில் அந்தக் கதவு திறந்துகொண்டால் காற்று உள்ளே புகுந்து கூரைத் தகரத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு போய்விடும். ஃப்ளோரிஸ் செத்த பிறகு வந்த முதல் வாடையில், அவன் மனைவி டோர்த்தியா அந்தக் கதவு தட்டப்படுவதைக் கேட்டாள். காற்று இல்லை என்று எப்படித் தெரிந்தது என்று பின்னால் கேட்டவர்களிடம், பசி வந்தால் அந்த மனுஷன் அப்படித்தான் தட்டுவார் என்றாள். மீன் வெட்டும் கத்தியை நெம்புகோலாக வைத்துப் பலகையைப் பெயர்த்தாள். நின்றுகொண்டிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, இருந்த நேரம் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருந்தது. குளிருது, காப்பி போடு என்றான். "செத்தும் சக்கர மூணு கரண்டிதானா உங்களுக்கு?" என்று கேட்டபடியே போட்டுக் கொடுத்தாள். கூரையில் பாதி அன்றைக்கே போயிற்று.

ஊர் பழகிக்கொண்டது. பாதிரியார் ஒரு வாடையில் வந்து பார்த்தார். ஃப்ளோரிஸ் எழுந்து நின்று மரியாதை செய்தான்; அவர் நாற்காலியின் ஈரத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். உடல் அடக்கமாகவில்லை அல்லவா, அதனால் வருகிறான் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவே சட்டமாகிவிட்டது. கிடைக்காதவன் வருவான், புதைத்தவன் வரமாட்டான். வந்தவனும் சும்மா இருக்கவில்லை. அடுப்புப் புகைபோக்கியில் கரி தட்டினான், தூண்டில் கயிறுகளைச் சிக்கெடுத்தான், பக்கத்து ஆட்களோடு சீட்டாடினான், உயிரோடு இருந்தபோது ஏமாற்றியதைப் போலவே இப்போதும் ஏமாற்றினான். டோர்த்தியாவுக்கு நரைத்துக்கொண்டே போனது, அவனுக்கு நரைக்கவில்லை.

இது பிடிக்காதவள் ஒருத்திதான், ஃப்ளோரிஸின் தங்கை சானா. பக்கத்து வீடு அவளுடையது. அண்ணன் வருவதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, கதவைத் திறப்பதுதான் ஆகவில்லை. பறக்கிற தகரமெல்லாம் அவள் கோழிக்கூண்டின் மேல்தான் விழுந்தது.

"புருஷனுக்குக் கதவத் தொறக்குறேன்னு ஊரையே காத்துல பறக்கவிடப் பாக்குறீங்களா அண்ணி? மலைப் பக்கமா சுத்தி வரச் சொன்னா என்ன, காலு தேஞ்சா போயிரும்?"

"உயிரோட இருந்தப்பவே உங்கண்ணன் சொன்ன பேச்சு கேட்டதில்ல. இப்பத்தான் கேக்கப் போறாராக்கும்!" என்றாள் டோர்த்தியா.

சானாவின் கணவன் யானி இந்தச் சண்டைகளில் வாயே திறக்கமாட்டான். சாதுவான ஆள். சௌட்பாயிலேயே அவனைப்போல் ஆணியடிக்க ஆளில்லை. மே பிறந்ததும் வீட்டுக்கு வீடு அவனைத்தான் கூப்பிடுவார்கள். தன் வீட்டுக்குக் கடைசியாக, எல்லாவற்றையும்விட அழுத்தமாக அடிப்பான். ஒரு ஜூனில், வெயில் சுள்ளென்று அடித்த நாளில், இன்னும் கொஞ்சம் கடிக்கட்டும் என்று நின்றுவிட்ட படகில் அவனும் இருந்தான். உடல் மறுநாளே கிடைத்தது. சானாதான் குளிப்பாட்டினாள், நகத்துக்குள் இருந்த மணலை ஊசியால் எடுத்தாள், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுவிட்டாள். தேவாலயத்துக்குப் பின்னால் இறக்கினார்கள். முதல் பிடி மண் அவளுடையது. புதைத்தவன் வரமாட்டான் என்று தெரிந்ததால் அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அடுத்த வாடையில் கடல் பக்கத்துக் கதவு படபடவென்று அடித்துக்கொண்டது. பலகை தளர்ந்துவிட்டது என்று யானியின் சுத்தியலை எடுத்து மேலும் சில ஆணிகளை இறக்கினாள். அதற்கடுத்த வாடைக்கு இன்னொரு பலகையை வைத்து அடித்தாள். செப்டம்பர் வந்தும் யானி அடித்த பலகையை அவள் பிடுங்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கதவு அடித்துக்கொண்டது, அடுத்த குளிர்காலமும் அடித்துக்கொண்டது, அதற்கடுத்ததிலும் அடித்துக்கொண்டது. நாசமாகப் போகிற காற்று என்று திட்டிக்கொண்டு தலையில் கம்பளியைச் சுற்றிக்கொள்வாள். பிறகு ஒரு வாடையில் சத்தமே இல்லை. ஒருவழியாக ஆணி பிடித்துக்கொண்டது என்று சானாவுக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியில் ரொட்டி சுட்டு, மலைப் பக்கத்துக் கதவு வழியாக அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஃப்ளோரிஸ் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னண்ணே, நான் என்ன செஞ்சேன்?"

"யானி என்ன செஞ்சான்? அதச் சொல்லு மொதல்ல. மூணு குளிர்காலமா வந்து வந்து தட்டியிருக்கான். நாங்க ஒண்ணாத்தான் ஏறி வருவோம், நான் இந்தக் கதவுக்கு, அவன் அந்தக் கதவுக்கு. அவன் வெளிய தட்டத் தட்ட நீ உள்ள ஆணியடிச்சுக்கிட்டிருந்த."

"புதைச்சாச்சேண்ணே அவர! நாந்தானே மண்ணு போட்டேன்!"

"செத்தது கடல்லதானே. மண்ணு என்ன பண்ணும்?"

சானா ரொட்டித் தட்டைக் கீழே வைத்தாள். "இப்ப எங்க அவரு?"

"இந்தத் தடவ வரலன்னுட்டான். கை வலிக்குதாம்."

இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று டோர்த்தியா கத்தினாள். புருஷன் பெண்டாட்டிச் சண்டை, நடுவில் நாம் எதற்கு என்று இருந்துவிட்டதாக ஃப்ளோரிஸ் சொன்னான்.

சானா வீட்டுக்கு ஓடி ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினாள். அவள் அடித்தவை சீக்கிரம் வந்தன. அவன் அடித்தவை வரவில்லை. விரல்கள் கிழிந்து, சாயங்காலம் கதவைத் திறந்தபோது காற்று ஏற்கெனவே தெற்கே திரும்பியிருந்தது. படியில் ஒருவரும் இல்லை. அவளுக்கு அழக்கூட வரவில்லை, அவ்வளவு பயமாக இருந்தது. கை வலிக்கிறது என்றவன் இனிமேல் வருவானா மாட்டானா என்பதைத் தவிர அவள் மனதில் வேறெதுவும் ஓடவில்லை.

அடுத்து வந்தது, வானொலியில் சொன்னபடி, அந்தக் கரை அதுவரை பார்த்திராத வாடை. போலீஸ் வேன் தெருத் தெருவாகப் போய் எல்லாரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றியது. டோர்த்தியாவைத் தூக்கித்தான் கொண்டுபோனார்கள். சானா கடல் பக்கத்துக் கதவை விரியத் திறந்துவைத்து, இரும்பு அடுப்போடு இடுப்பைப் படகுக் கயிற்றால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வீடு போயிரும்மா, ஏறுங்க," என்றான் போலீஸ்காரன்.

"போனாப் போகட்டும் தம்பி. இத்தன நாளா வீட்டத்தானே காப்பாத்துனேன்."

முதலில் கதவே பிய்த்துக்கொண்டு போனது. பிறகு கூரை, தகரம் தகரமாக. கடல் தெருவுக்கு ஏறி வந்து, படகுகளைக் கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பியது. மேலண்டைச் சுவர் சரிந்தது. மார்பளவுத் தண்ணீரில் சானா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கதவு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் தண்ணீர் வடிந்தபோது யானி வந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தான். கதவும் இல்லை, பலகையும் இல்லை, பக்கத்தில் சுவர்கூட இல்லை. அப்படியும் வாசலில் நின்று, கையை உயர்த்தி, வெறும் காற்றில் தட்டினான். அந்தக் கையில் விரல்கள் இல்லை. இரண்டு கைகளும் மணிக்கட்டுவரை தேய்ந்துபோயிருந்தன.

"தொறந்துதாங்க இருக்கு. வாங்க."

தயங்கித் தயங்கி உள்ளே வந்து அடுப்போரம் உட்கார்ந்தான். சானா கயிற்றை அவிழ்க்கக்கூட இல்லை, அந்த மழுங்கிய கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நேரம் தட்டுனீங்களா?"

"இல்ல, கொஞ்ச நேரந்தான்," என்றான் யானி. பிறகு, "நல்லாத்தான் அடிச்சிருக்கேன் ஆணிய, இல்ல?" என்றான்.

அடக்கத்தன்று அழாத அழுகையையெல்லாம் அவள் அப்போது அழுதாள்.

அந்த வாடையில் சௌட்பாயின் கடலோரத் தெரு முழுவதும் போயிற்று. போக மறுத்து வீட்டிலேயே இருந்த கிழவர்கள் இரண்டு பேரும் போனார்கள். வீடுகளைத் திரும்பக் கட்டிய பிறகு வந்த வாடையில் அவர்களும் தட்டினார்கள், பிள்ளைகள் திறந்துவிட்டார்கள். பாதிரியார் தன் சட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்ப வாங்கிக்கொண்டார். இப்போது மே மாதம் யாரும் பலகை அடிப்பதில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் கூரைகள் போகின்றன, சிலசமயம் ஆட்களும் போகிறார்கள், செப்டம்பரில் லாரி நிறையத் தகரம் வந்து இறங்குகிறது. வானொலியில் எச்சரிக்கை வந்ததும் சானா சர்க்கரைவள்ளிக்கிழங்கை அடுப்பில் போட்டுவிட்டு மீனைக் கழுவ உட்காருகிறாள். ஸ்னூக்கின் முள் நீளமானது, தொண்டையில் சிக்கினால் வம்பு. ஒவ்வொரு துண்டாக விரலால் தடவி முள்ளெடுத்து அவள் ஊட்டுவாள், யானி வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பான். காற்று திரும்புவதற்குள் ஒரு மீனைத்தான் முடிக்க முடிகிறது.